விட்பியும் பரேலும்: சிகிச்சை முடிந்த பிறகு

டொக்ஸோரூபிசின் என்ற மருந்து இரத்தப் புற்றுநோயை ஒடுக்கும். பல ஆண்டுகள் கழித்து இதயத் தசையைத் தளரச் செய்யவும் கூடும். உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு மொத்தம் 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து விட்பியில் வளரும் பிள்ளைக்கும் பீகாரிலிருந்து சிகிச்சைக்காக மும்பை பரேலுக்கு ரயிலேறும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு ஒன்றே. அதைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள்தாம் வேறு.

ஒன்ராறியோவில் 1983இல் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் தொடங்கிய ‘போகோ’ அமைப்பு, அரசு நிதியுடன் பின்பராமரிப்புக் கிளினிக்குகளை ஒரே வலையாகப் பின்னியிருக்கிறது. பரேலிலோ 1991இல் டாட்டா நினைவு மருத்துவமனை தன் முனைப்பிலேயே ‘ஆக்ட்’ கிளினிக்கைத் திறந்தது. அங்கே தடை தூரம். ஊர் திரும்பிய பிள்ளை மீண்டும் வரவேண்டுமே. விட்பியில் தடை வயது. பதினெட்டானதும் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையை விட்டுப் பெரியவர்களுக்கான பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மருத்துவமனைக்கு மாறவேண்டும். இரண்டும் டொரொன்டோவின் யுனிவர்சிட்டி அவெனியூவின் இரு பக்கங்களில் இருக்கின்றன. தெருவைக் கடந்தால் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் கேள்விகள் அம்மாவை நோக்கி வருவதில்லை, பிள்ளையை நோக்கியே வருகின்றன.

மனத்துக்கான துணையிலும் வழிகள் பிரிகின்றன. ஒன்ராறியோவில் ‘இன்டர்லிங்க்’ தாதி வீட்டுக்கு வருகிறார், பள்ளிக்கும் வருகிறார். இது தொற்றாது, கொட்டிய முடி வளரும் என்று வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறார். மும்பையில் அந்தக் குரல் மீண்டவர்களுடையது: இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் அரவணைப்பில் 2009இல் உருவான ‘உகம்’ அவர்களே கூடிய குழு. தாதியின் பயிற்சி பெரிது. ஆனாலும், படித்து வேலைக்குப் போகும் ஒருவர் ‘நானும் இந்த வார்டில்தான் கிடந்தேன்’ என்று சொல்லும்போது ஒரு தாய்க்கு வரும் தைரியத்தை எந்தப் பயிற்சியும் தராது என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு வேறுபட்ட இரு இடங்களும் எதிர்பாராமல் ஒன்றாகிற இடம், குடும்பங்களின் மௌனம். கல்யாணப் பேச்சு வரும்போது நோய் வந்த கதை தெரியக்கூடாது, அதுவும் பெண்பிள்ளை என்றால் மூச்சே விடக்கூடாது என்ற பயம் பீகாரிலும் உண்டு, விட்பித் தமிழ் வீடுகளிலும் உண்டு. மூன்று வயதில் சிகிச்சை முடித்த பிள்ளைக்கு எதுவும் நினைவில் இருக்காது. பெற்றோர் அலுமாரியில் கோப்பைப் பூட்டி வைத்தால், மார்பில் ரேடியேஷன் பெற்ற பெண்ணுக்கு 25 வயதளவிலேயே மார்பகப் பரிசோதனை தொடங்கவேண்டும் என்பது அவளுக்கே தெரியாமல் போகும். அரசு பணம் கொடுத்தும் பயனில்லை, ரயிலேறி வந்தும் பயனில்லை.

இரு கிளினிக்குகளுக்கும் உயிராக இருப்பது சிகிச்சைச் சுருக்கம் என்ற தாள்: நோயின் பெயர், ஏற்றிய மருந்துகள், மொத்த அளவு, கதிர் பட்ட இடம், அடுத்த இதய ஸ்கான் எப்போது. உங்கள் வீட்டில் மீண்ட பிள்ளை இருந்தால், அந்தத் தாளை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துக் காட்டி, அதை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.