பழைய கார்களின் பவர் ஸ்டீயரிங் பம்ப்: கசிவும் மாற்றும் முறையும்

பவர் ஸ்டீயரிங் பம்ப், எஞ்சின் சுழலும் விசையைப் பெல்ட் வழியாக வாங்கி, எண்ணெயை அழுத்தத்தோடு ஸ்டீயரிங் ரேக்குக்கோ ஸ்டீயரிங் பாக்ஸுக்கோ அனுப்பி, ஓட்டுபவரின் கைக்கு வலுச் சேர்க்கும் கருவி. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், வேளச்சேரி எனப் பரவிய தென்சென்னைப் புறநகரில் ஓடும் பழைய கார்களில் இந்தக் கருவி உள்ளவை கொஞ்சம்தான். இந்துஸ்தான் மோட்டார்ஸின் பிற்காலக் கன்டெஸாவும் மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 123 வகையும் அவற்றில் முக்கியமானவை. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு தெரிந்ததும் பம்பையே மாற்றச் சொல்வது பட்டறை வழக்கம். ஆனால் பல கசிவுகள் பம்பில் தொடங்குவதே இல்லை. பம்பில்தான் தொடங்குகிறது என்றாலும், கெட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆயில் சீல்தான்.

இந்த வட்டாரத்துக்குக் கார் வரலாற்றில் தனி இடம் உண்டு. வண்டலூரை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெஸல், 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை அங்கிருந்துதான் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் இறங்கின. ஹெரால்டுக்குப் பவர் ஸ்டீயரிங் தேவைப்படவில்லை. எடை குறைந்த வண்டி, சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் பல பத்தாண்டுகள் மக்கள் தோள் வலுவால் திருப்பினார்கள். கன்டெஸா வேறு வகை. பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரை அடிப்படையாகக் கொண்டு 1984-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்து வந்தது. முதலில் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின். நீளமும் எடையும் கூடிய அந்த வண்டியை நிற்கும் இடத்தில் திருப்புவது உழைப்பு. பிற்கால வகைகளில் பவர் ஸ்டீயரிங் சேர்ந்தபோதுதான் வண்டியின் வசதிக்கு ஏற்ற ஸ்டீயரிங் கிடைத்தது. 2002-இல் உற்பத்தி நின்றது. டபிள்யூ 123 வண்டிகள் 1976-இல் இருந்து ஜெர்மனியில் செய்யப்பட்டவை. 1982-க்குப் பிறகு வந்தவற்றில் பவர் ஸ்டீயரிங் எல்லா வகைகளுக்கும் பொதுவானது.

உலக அளவில், பியர்ஸ்-ஆரோ கார் நிறுவனத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920-களிலேயே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டினார். ஆனால் கடையில் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில்தான்.

வேலை செய்யும் விதம்

பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது வேன் வகைப் பம்ப். சுழலும் ரோட்டரில் வெட்டிய பிளவுகளில் மெல்லிய எஃகுத் தகடுகள் நிற்கும். ரோட்டர் சுற்றும்போது அவை வெளித்தள்ளி, முட்டை வடிவச் சுற்றுச்சுவரை உரசியபடி எண்ணெயை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் பிழிந்து தள்ளும். நேராகப் போகும்போது அழுத்தம் குறைவு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். அப்போது பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பி விடும். உச்ச அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறினாலும் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு என்பது சாதாரணம். யூ திருப்பத்தில் ஸ்டீயரிங்கைக் கடைசியில் பிடித்து நிறுத்தும் பழக்கம் பம்பைச் சூடாக்கிக் கொல்கிறது. பெரிய காரை ஒடுக்கமான தெருவில் திருப்புகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கசிவு எங்கே

எண்ணெய் கீழே சொட்டும் இடமும் அது புறப்பட்ட இடமும் ஒன்றல்ல. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும். முதல் வேலை கழுவுவது: பம்ப், ஹோஸ்கள், ரேக் எல்லாவற்றையும் டீசலோ டிகிரீஸரோ கொண்டு துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தெரியாத இடத்தில் டால்கம் பவுடர் தூவினால் ஈரம் படும் முதல் புள்ளி காட்டிக் கொடுக்கும். சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகில் கையும் துணியும் போகக் கூடாது.

பெரும்பாலும் ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். எண்ணெயை ரிசர்வாயர் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும் திரும்பு ஹோஸில் அழுத்தம் அதிகமில்லை. ஆனால் ரப்பர் கெட்டித்துப் போய், கிளிப் பிடி தளர்ந்து ஒழுகும். அழுத்த ஹோஸின் பான்ஜோ போல்ட்டில் செப்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை சரியாக அடைக்காது. ரிசர்வாயருக்கும் பம்புக்கும் நடுவே ஓ-ரிங் இருக்கும். ரேக்கின் முனைச் சீல் போனால் எண்ணெய் ரப்பர் உறைக்குள் தேங்கி, உறை கனமாகத் தொங்கும். இவை நான்கும் சரியாக இருந்தால்தான் ஐந்தாவது இடமான பம்பின் முன் ஷாஃப்ட் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே கசிந்தால் புல்லியின் பின்புறமும் பெல்ட்டின் உள்பக்கமும் நனைந்திருக்கும். நனைந்த பெல்ட் கிறீச்சிடும், சீக்கிரம் கெடும். சூடான எக்ஸாஸ்ட் மேனிபோல்டு மேல் எண்ணெய் சொட்டினால் புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும். அப்படிப்பட்ட கசிவுடன் ஓட்டக் கூடாது.

சென்னையின் வெயிலில் நைட்ரைல் ரப்பர் சீல்கள் வயதாகக் கெட்டித்து மெல்ல வெடிக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் சீலின் உதடு காய்ந்து ஷாஃப்ட்டைச் சரியாகத் தழுவாது. வெள்ளமும் இங்கே ஒரு காரணம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. அப்படி மூழ்கிய வண்டியில் ரிசர்வாயர் மூடியின் காற்றுத்துளை வழியே தண்ணீர் இறங்கும். எண்ணெய் பால் நிறமாக மாறினால் உள்ளே காற்றோ தண்ணீரோ இருக்கிறது. நிறம் நீங்காவிட்டால் எண்ணெயை முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். இல்லையேல் பேரிங்கும் தகடுகளும் துருப்பிடித்துவிடும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

இதில் என் கருத்து திட்டமானது: வார்ப்பு உடல் வெடிக்காத, ஷாஃப்ட் ஆடாத, அழுத்தம் குறையாத பம்பைத் தூக்கி எறியக் கூடாது. உற்பத்தி நின்ற வண்டியின் பம்பைப் புதிதாகக் கண்டெடுப்பது கடினம். வேறு வண்டிப் பம்பைப் பொருத்தினால் புல்லியின் விட்டமும் பம்பின் ஓட்ட அளவும் ரேக்குக்குப் பொருந்தாமல் ஸ்டீயரிங் மிகக் கனமாகவோ மிக இலகுவாகவோ போகும். பழைய சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மூன்று எண்களையும் கொடுத்தால் பேரிங் கடையில் அதே அளவில் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் நைட்ரைலுக்குப் பதில் வைட்டான் சீல் வாங்குவது நல்லது. சூட்டை அதிகம் தாங்கும்.

பம்பைக் கையில் எடுத்து ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்காமல் சீல் மாற்றுவது வீண். உள் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் புதிய சீலும் சில மாதங்களில் ஒழுகும். சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமென்றால் லேத்தில் மெல்லிய உறை போட்டுச் சரிசெய்யலாம். சுற்றுச்சுவரில் கீறல் விழுந்து, திரும்பும்போது முனகல் விடாமல் கேட்டால் மட்டும் வேறு பம்ப் தேட வேண்டும். அதற்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும், தாம்பரத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் எட்டிவிடும் புதுப்பேட்டையும் உண்டு. பழைய பம்பைக் கையோடு கொண்டுபோய், புல்லித் தடம், போல்ட் துளைகள், ஹோஸ் வாய் மூன்றையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். லாரிகளின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பிரித்து வேலை செய்யும் பட்டறைகள் ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கிடைக்கும். கார் மட்டுமே பார்க்கும் இளம் மெக்கானிக்கைவிட, லாரி பம்ப் பழகிய கை இந்த வேலைக்கு ஏற்றது.

கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்கள் சீலை ஊறவைத்துத் தற்காலிகமாக வீங்கச் செய்பவை. அவசரத்துக்கு ஊர் வந்து சேரலாம், அதோடு சரி.

கழற்றுவதும் பொருத்துவதும்

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ரிசர்வாயர் எண்ணெயைச் சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். திரும்பு ஹோஸைக் கழற்றி மீதியைப் பாத்திரத்தில் வடித்த பிறகே அழுத்த ஹோஸின் நட்டைத் தொட வேண்டும். குழாயோடு முறுக்கிக்கொள்ளாதபடி இரண்டு ஸ்பானர் பிடித்துத் திறக்க வேண்டும். ஹோஸ் வாய்களைச் சுத்தமான துணியால் உடனே அடைக்க வேண்டும், ஒரு மணல் துகள் வால்வைச் சிக்க வைக்கும். பெல்ட் இழுவையைத் தளர்த்தி, தாங்கி போல்ட்களை எடுத்தால் பம்ப் கையில் வரும்.

புல்லி அழுத்திப் பொருத்தப்பட்டிருந்தால் புல்லர் இல்லாமல் எடுக்கவே கூடாது. சுத்தியால் தட்டினால் அந்த அடி ஷாஃப்ட் வழியாக ரோட்டர் வரை போய் உள் தகடுகளைச் சிதைக்கும். நன்றாக இருந்த பம்ப் அங்கேயே முடிந்துவிடும். திரும்ப ஏற்றும்போதும் திருகி ஏற்றும் கருவிதான். புல்லி முன்பிருந்த ஆழத்திலேயே உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பெல்ட் ஓரம் தேயும். அதனால் கழற்றுமுன் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்வது அவசியம். டபிள்யூ 123-இன் பம்பில் ரிசர்வாயருக்குள் வடிகட்டி உண்டு. அதையும் அப்போதே மாற்ற வேண்டும்.

எண்ணெய் வகையைக் கையேடும் மூடியும் சொல்லும். பல பழைய வண்டிகளுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) தான். பிரேக் ஆயிலை எந்த அவசரத்திலும் ஊற்றக் கூடாது. அது நைட்ரைல் சீல்களை வீங்க வைத்து ரேக்கையும் கெடுக்கும். புதிய செப்பு வாஷர்களோடு ஹோஸ்களைப் பூட்டிய பின், திரும்பு ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, எஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி புது எண்ணெய் தெளிவாக வரும் வரை கழுவ வேண்டும்.

அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஓடாத நிலையில் ஸ்டீயரிங்கை இரு கடைசிகளுக்கும் மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். குமிழி நின்றபின் எஞ்சினைப் போட்டு அதையே செய்ய வேண்டும். கடைசியில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. நுரை வந்தால் எஞ்சினை நிறுத்தி நுரை அடங்கவிட்டுத் தொடர வேண்டும். அவசரப்பட்டால் பம்ப் காற்றைக் கடித்துத் தேயும்.

வடித்த எண்ணெயைத் தெருக் கால்வாயில் ஊற்றக் கூடாது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வரை போகிறது. பழைய எண்ணெய் சேகரிக்கும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுப்பதே முறை.

பதிவைப் பொறுத்தவரை, 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டும். முதல் கன்டெஸாக்களுக்கே அது 2034-க்கு முன் கிடைக்காது. அதுவரை 15 ஆண்டு கடந்த மற்றக் கார்களைப் போல இவையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சோதனைக்குப் போகும் முன் கசிவைச் சரிசெய்து சில நாள் ஓட்டி, சுமார் 100 கி.மீ. கழித்து ஒருமுறை எண்ணெய் மட்டத்தையும் பெல்ட்டின் இழுவையையும் பார்க்க வேண்டும். பெல்ட்டைப் புதிதாக மாற்றியிருந்தால் அது அதற்குள் தளர்ந்திருக்கும்.