அன்னை கதீஜாவின் கழுத்தணி

 

ஒரு வீட்டில் மனைவி வஃபாத்தாகிவிட்டால், அவளுடைய உடன்பிறந்தாரும் தோழியரும் அந்த வாசலுக்கு எத்தனை காலம் வந்து போகின்றனர்? கணவர் மறுமணம் செய்துகொண்டபின் முதல் மனைவியின் பெயரை உச்சரிக்கவே அவ்வீட்டார் தயங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அண்ணலாரின் இல்லத்தில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் சுமார் 25 ஆண்டுகள் வாழ்ந்து, கி.பி. 619இல் மக்காவில் மறைந்தார்கள். அதன் பின்னரும், ஆடு அறுக்கும்போதெல்லாம் கதீஜாவின் தோழியருக்கு ஒரு பங்கை அனுப்பும் வழக்கத்தை அண்ணலார் விடவில்லை. ஒருநாள் கதீஜாவின் சகோதரி ஹாலா வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். மறைந்த மனைவி அனுமதி கேட்கும் விதமே அண்ணலாரின் நினைவுக்கு வந்தது. வந்திருப்பவர் ஹாலாவாகவே இருக்க வேண்டும் என்று வாய்விட்டு இறைஞ்சினார்கள்.

இவற்றை நமக்கு அறிவிப்பவர் யார்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்! நபியவர்களின் துணைவியருள் கதீஜாவின் மீது கொண்ட அளவுக்கு வேறெவர் மீதும் தாம் பொறாமை கொண்டதில்லை என்று அவர்களே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். அந்த நேர்மை இல்லையேல் இவ்வரலாறு நமக்குக் கிடைத்திராது.

கழுத்தணியின் செய்தியையும் அவர்களே அறிவிக்கிறார்கள். ஹிஜ்ரி 2, ரமளான் மாதம் (கி.பி. 624) நடந்த பத்ருப் போரில் எதிரிகள் சுமார் 70 பேர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அபுல் ஆஸ். மேலே சொன்ன ஹாலாவின் மகன். அண்ணலாரின் மூத்த மகள் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர். அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர். மக்காவாசிகள் தத்தம் உறவினரை மீட்கப் பொருள் அனுப்பினர். மக்காவிலிருந்த ஸைனப் அனுப்பிய பொருளில் ஒரு கழுத்தணியும் இருந்தது. மணமுடித்து அனுப்பும்போது தாய் கதீஜா மகளுக்குக் கொடுத்த அணி அது.

கண்டதும் அண்ணலாரின் உள்ளம் உருகிற்று. ஆயினும் மீட்புப் பொருள் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. தலைவர் என்ற முறையில் கட்டளையிட்டிருக்கலாம், இடவில்லை. ஸைனபின் கணவரை விடுவித்து, அவருடைய பொருளையும் திருப்பிக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று தோழர்களைக் கேட்டார்கள். தோழர்கள் மகிழ்வுடன் இசைந்தனர். கழுத்தணி மகளுக்கே திரும்பிச் சென்றது.

ஸைனபை மதீனாவுக்கு அனுப்பிவைப்பதாக அபுல் ஆஸ் வாக்களித்திருந்தார். மனைவியைப் பிரிவது அவருக்கு எளிதன்று. மணவிலக்குச் செய்யுமாறு குறைஷியர் முன்பு வற்புறுத்தியபோதும் மறுத்தவர் அவர். எனினும் சொன்னபடியே அனுப்பிவைத்தார். சில ஆண்டுகள் கழித்துத் தாமும் இஸ்லாத்தை ஏற்று மதீனா வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அண்ணலார் மிம்பரில் நின்று இந்த மருமகனை நினைவுகூர்ந்து, அவர் தம்மிடம் உண்மையே பேசினார், கொடுத்த வாக்கைக் காத்தார் என்று மக்கள் முன்னிலையில் புகழ்ந்தார்கள்.