ஆம்பளை சோப்பு

சாந்த்ராகாச்சி என்றால் வங்காளிகளுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, குளிர்காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஏரியில் வந்து இறங்கும் வாத்துகள். இன்னொன்று சேனைக்கிழங்கு. இந்த ஊர் பேரிலேயே ஒரு சேனை ரகம் உண்டு. மாற்றலாகி இங்கே வந்த புதிதில் எனக்குக் கை, கால், முதுகெல்லாம் அரிப்பு எடுத்தபோது, "எல்லாம் அந்த சேனை பண்ற வேலை, வேண்டாம்னு சொன்னா கேட்டாத்தானே" என்றார் தங்கமணி.

பாவம் சேனை. தோல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிறீங்க, எந்த சோப்பு?" வங்காளத்துப் புழுக்கத்தில் மூன்று தடவை. மூன்று தடவையும், நுரைத்தால் பக்கத்து வீடு வரை மணக்கிற காட்டமான சோப்பு. "ஆம்பளைத் தோல் தடிமன் சார், கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருந்தாத்தான் அழுக்கு போகும்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் என் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். வெடித்து, செதில் செதிலாக இருந்தது. அது ஆறி அடங்க ஐந்து மாசம் ஆனது.

இதெல்லாம் பழைய கதை. இப்போது எழுதக் காரணம், பிளஸ் ஒன் படிக்கிற என் பையன். போன மாசம் கடையில் ஒரு கறுப்பு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பா, இது ஆண்களுக்கான பாடி வாஷ், இனிமே எனக்கு இதுதான்" என்றான். கடைக்காரரும் "ஆமா தாதா, ஆண்களோட தோலே வேற" என்று எடுத்துக் கொடுத்தார் (இங்கே தாதா என்றால் அண்ணன். பயப்பட வேண்டாம் :-)). அந்த ஒரு பாட்டில் விலைக்கு நான் வாங்கும் சோப்பு ஆறு வாங்கலாம். பி.காம். படித்தவன் ஆயிற்றே, லோன் கேட்பவரின் பழைய கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவேனா? இந்த 'ஆம்பளை சோப்பு' என்கிற ஆசாமியின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டினேன்.

முதலில் நம்ம வீட்டுக் கணக்கு. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல். ஆண்களுக்குப் புதன், சனி. கிழமைதான் வேறே. நல்லெண்ணெய் அதே நல்லெண்ணெய், சீயக்காய் அதே சீயக்காய். இங்கேயும் குளிப்பதற்கு முன்னால் கடுகெண்ணெய் தேய்த்துக்கொள்கிற பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. அதிலும் ஆண் கடுகு, பெண் கடுகு கிடையாது.

அப்புறம் சோப்பு வந்தது. 1888ல் கல்கத்தா துறைமுகத்தில் இங்கிலாந்தின் லீவர் பிரதர்ஸ் அனுப்பிய சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. அது துணிக்கு. உடம்புக்கு லைஃப்பாய் 1895ல் வந்தது. அதன் பலம் கார்பாலிக் அமிலம். 1860களில் ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜன், அறுவை சிகிச்சைப் புண்ணில் கிருமி சேராமல் இருக்கப் பயன்படுத்தியது அதைத்தான். ஆஸ்பத்திரி வாசனை சோப்புக்கு வந்தது அந்த வழியாக.

சாந்த்ராகாச்சியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஷிப்பூர் பொட்டானிக்கல் கார்டன். அங்கே ஹூக்ளி கரையில் நின்றால் எதிர்க்கரை கார்டன் ரீச். 1934ல் அங்கே இருந்த நார்த் வெஸ்ட் சோப் கம்பெனியின் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்து, லீவர் தன் சோப்புகளை இங்கேயே போட ஆரம்பித்தது. அதே வருஷம் பம்பாய் சிவ்ரியிலும். அதற்குப் பிறகு பல வருஷம் லைஃப்பாய் விளம்பரம் என்றாலே விளையாட்டு மைதானமும், வியர்த்து வழியும் ஆண்களும்தான். எங்கள் தெருவில் ஃபுட்பால் ஆடிவிட்டு வந்த எல்லோருக்கும் குழாயடியில் அந்தச் செங்கல் கலர் கட்டிதான். காட்டமான வாசனை இருந்தால் ஆம்பளை சோப்பு என்ற கணக்கு என் மண்டையில் ஏறியது அங்கேதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2002ல் கம்பெனியே அந்த கார்பாலிக் வாசனையைக் கைவிட்டு, ஃபார்முலாவையும் மாற்றி, லைஃப்பாயைக் குடும்பம் முழுக்கப் போடுகிற சோப்பு என்று விற்க ஆரம்பித்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆம்பளை என்று நாம் நினைத்தது, ஒரே வருஷத்தில் அம்மாவும் குழந்தையும் ஆகிவிட்டது. ஆண்களின் தோல் 2002ல் மாறிவிட்டதா என்ன?

இன்னொரு பக்கம் சுதேசி. 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு வெளிநாட்டுத் துணி மாதிரி வெளிநாட்டு சோப்பும் இங்கே ஆகாத பொருளானது. சீமை சோப்பில் மாட்டுக் கொழுப்பு என்பது வேறு உறுத்தல். 1916ல் கே.சி. தாஸ் இரண்டு கூட்டாளிகளோடு கல்கத்தா கெமிக்கல் கம்பெனியை ஆரம்பித்தார். ரசகுல்லா கே.சி. தாஸ் இல்லை, இவர் ககேந்திர சந்திர தாஸ். அமெரிக்கா போய் 1910ல் ஸ்டான்ஃபோர்டில் வேதியியல் பட்டம் வாங்கியவர். 1920ல் இவர்கள் கொண்டுவந்த வேப்பெண்ணெய் சோப்புதான் மார்கோ. நம்மூர் வீடுகளிலும் அந்தப் பச்சைக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது பிறந்த ஊர் கல்கத்தா என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பம்பாயில் கோத்ரெஜ் 1918லேயே தாவர எண்ணெயில் சோப்பு போட்டது. அதற்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்தவர்களில் தாகூரும் உண்டு. டாடா கம்பெனியின் ஹமாம் 1931ல் வந்தது. அப்போதைய கேள்வியெல்லாம் உள்நாடா வெளிநாடா, தாவர எண்ணெயா மிருகக் கொழுப்பா என்பதுதான். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி பிறகு வந்தது. மார்கோ போட்ட அதே கல்கத்தா கெமிக்கல், ஆண்களுக்கென்று கஸ்தூரி வாசனையோடு ஆராமஸ்க் என்று ஒன்றை விற்றது. 1952ல் வந்த சிந்தால், 80களில் வினோத் கன்னாவையும் இம்ரான் கானையும் காட்டி ஆம்பளை சோப்பானது. 2005ல் கல்கத்தாவின் இமாமி கம்பெனி, ஆண்களின் தோல் வேறு, அதற்குத் தனி க்ரீம் வேண்டும் என்று சொல்லி 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' கொண்டுவந்தது. 2025ல் அதன் பெயர் 'ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்ஸம்' ஆகிவிட்டது. மார்கோவும் கை மாறி மாறி, ஹென்கெல் வழியாக, 2011ல் ஜோதி லேபரட்டரீஸிடம் போய்ச் சேர்ந்தது.

சரி, ஆண்களின் தோலைப் பார்த்து யாருமே சோப்பு போடவில்லையா என்றால், எனக்குத் தெரிந்து ஒருவர் போட்டார். நம்ம சென்னையில்! பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் வி.பி. சித்தன். எண்ணெய், கிரீஸ், கரிக்கு நடுவில் வேலை செய்யும் ரயில்வே தொழிலாளிகள் தோல் வியாதியோடு அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். குடும்ப வழி ஆயுர்வேத எண்ணெய் ஒன்றைக் கொடுத்தார். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா? அதனால் அதையே 18 மூலிகைகள், தேங்காயெண்ணெயோடு சோப்பாக்கி, வீட்டில் மனைவியோடு சேர்ந்து கையாலேயே கட்டி போட்டார். 1969. அதுதான் மெடிமிக்ஸ்.

நான் இருக்கும் சாந்த்ராகாச்சியும் ரயில்வே ஊர்தான். சாயங்காலம் யார்டிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது அந்த டாக்டர் ஞாபகம் வரும். அவர் பார்த்தது முழுக்க ஆண்களின் தோலை. ஆனால் அட்டைப்பெட்டியில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று போடவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு: என்ன வேலை, எதில் கை படுகிறது, எங்கே புண்? பிறகு அதைக் குடும்பமே போட்டுக் குளித்தது.

கடைக்காரர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்களின் தோல் சராசரியாகக் கொஞ்சம் தடிமன், எண்ணெய்ப் பசையும் அதிகம். ஆனால் தோலின் மேல் பரப்பு யாருக்குமே லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 5 வாக்கில். சாதாரண சோப்பு 9 அல்லது 10, அதாவது காரம். எவ்வளவு தடிமனான தோலாக இருந்தாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை அதைப் போட்டுத் தேய்த்தால் என் முழங்கை கதிதான்.

ஆகவே பையனுக்கு நான் சொன்னது இதுதான். பாட்டில் கலரைப் பார்க்காதே, பின்பக்கம் படி. கட்டி சோப்பு என்றால் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்ற கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி 76க்கு மேல் முதல் கிரேடு, 70க்கு மேல் இரண்டாவது, 60க்கு மேல் மூன்றாவது. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது டாய்லெட் சோப்பே இல்லை, அதற்கு 40 இருந்தாலே போதும். போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தால் எந்த சோப்பும் திரிந்து தோலில் ஒட்டும். அங்கே சின்டெட் என்கிற, சோப்பு இல்லாத கட்டியோ பாடி வாஷோ நல்லது. தோல் வறண்டாலும் அதுவே. பாட்டில் தப்பில்லை, வாசனை குறைந்ததாக, பிஹெச் போட்டிருப்பதாகப் பார்த்து எடு. ஆண், பெண் எந்த அலமாரியில் இருந்தாலும் சரி. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு அவசியம். மற்ற இடத்துக்குப் பெரும்பாலும் தண்ணீரே போதும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மா போடறதும் பிஹெச் 5.5 தானே, அதையே நானும் போட்டுக்கவா?" என்றான்.

"என்னோடதுல கை வைக்காதீங்க, ரெண்டு பேருக்கும் தனியா வாங்கிக்குங்க" என்று உள்ளேயிருந்து தங்கமணி குரல் வந்தது. வாங்கி வந்துவிட்டேன். வாசனையே இல்லாத வெள்ளைக் கட்டி. எட்டு வருஷமாக நான் போடுவதும் அதைத்தான். அரிப்பு இல்லை, சேனையும் வாரா வாரம் உண்டு.