ஆயில் ஸ்டிக்கும் ஆயில் சென்சாரும்

சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் 2007 முதல் 3 சீரிஸ் கார்களைப் பூட்டி வருகிறார்கள். ஊருக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில், 1998-லேயே ஹூண்டாய் தன் சான்ட்ரோவை இறக்கிவிட்டது. சான்ட்ரோவின் பானட்டைத் திறந்தால் எஞ்சின் ஓரத்தில் வளையம் வைத்த ஒரு ஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும். ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை அதை உருவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிஎம்டபிள்யூ 2004-ல் அறிமுகப்படுத்திய என்52 ஆறு சிலிண்டர் எஞ்சினில் அந்த ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள். அளவைத் திரைதான் சொல்லும்.

இரண்டும் அளப்பது ஒன்றைத்தான்: எஞ்சினின் அடியில், மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்று சொல்லும் தொட்டியில், எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை. ஆனால் அளக்கும் தருணம் நேர் எதிர். ஸ்டிக் எஞ்சின் நின்று ஓய்ந்த பிறகு அளக்கிறது; பெரும்பாலான சென்சார்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கின்றன. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன என்பது என் துணிபு.

முதலில் ஸ்டிக். ஓடும் எஞ்சினில் எண்ணெயின் ஒரு பகுதி எப்போதும் மேலேதான் இருக்கும். கேம் ஷாஃப்ட்டின் மேல், வால்வுகளின் மேல், பேரிங்குகளுக்குள், வழிகளின் சுவர்களில். எஞ்சினை நிறுத்தியதும் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மதுராந்தகம் பக்கம் ஒரு மோட்டலில் டீக்கு நிறுத்தி, சாவியை அணைத்த கையோடு ஸ்டிக்கை உருவினால் அளவு குறைவாகத்தான் தெரியும். பயந்துபோய் அரை லிட்டர் ஊற்றிவிட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் மேலே இருந்ததெல்லாம் இறங்கி, மட்டம் மேல் குறியைத் தாண்டி நிற்கும். ஹூண்டாய் கையேடு சுமார் 5 நிமிடம் பொறுக்கச் சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. எஞ்சினுக்கு எஞ்சின் எண்ணெய் இறங்கும் வேகம் மாறும். அதனால் அவரவர் காரின் கையேட்டில் இருப்பதே கணக்கு.

உருவியதும் முதல் தடவை தெரிவதை நம்பக்கூடாது. ஓட்டத்தில் எண்ணெய் தெறித்து ஸ்டிக்கின் குழாய்ச் சுவரெங்கும் பூசியிருக்கும். ஸ்டிக் வெளியே வரும்போது அதையும் வாரிக்கொண்டு வரும். துடைத்து, மறுபடி முழுவதுமாக, வளையம் குழாயின் வாயில் உட்காரும்வரை செருகி எடுக்க வேண்டும். துடைக்க பனியன் வேஸ்ட் நல்லது. நூல் வேஸ்ட்டால் துடைத்தால் இழை ஒட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் போகும்.

பார்க்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஸ்டிக்கை நுனி மேலாகத் தூக்கிப் பிடித்தால் எண்ணெய் பின்னோக்கி வழிந்து மட்டம் கூடுதலாகத் தெரியும். நுனி கீழாகவோ கிடையாகவோ பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குழாய் வளைந்து வளைந்து போவதால் ஸ்டிக்கின் ஒரு பக்கம் சுவரில் உரசி மேலே வரை ஈரமாகிவிடும். இரண்டு பக்கமும் வேறு வேறாகத் தெரிந்தால் குறைவானதே உண்மைக்கு நெருக்கம். கீற்றாக, திட்டுத் திட்டாகத் தெரிவது பூச்சு. விளிம்பு வெட்டினாற்போல் முழு அகலத்துக்கும் நிற்பதுதான் மட்டம். ஆயில் மாற்றிய புதிதில் எண்ணெய் தெளிவாக இருப்பதால் அந்த விளிம்பு கண்ணுக்கே பிடிபடாது. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளின் மேல் கிடத்தி எடுத்தால் ஈரம் எதுவரை என்று தாள் காட்டிவிடும்.

பலர் கணக்கில் எடுக்காதது தரையின் சாய்வு. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீட்டைச் சாலையைவிட உயர்த்திக் கட்டி, கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை சரிவு விடுவது சென்னையில் வழக்கம். அந்தச் சரிவு 3 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஸ்டிக்கின் நுனி தொட்டியின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இறங்குகிறது என்றால், அந்த இடத்தில் எண்ணெய் மட்டம் 1 செ.மீ. ஏறியோ இறங்கியோ காட்டும். ஸ்டிக்கின் இரு குறிகளுக்கு நடுவே இருப்பதே பெரும்பாலும் ஒன்றிரண்டு செ.மீ.தான். பல கார்களில் அந்த இடைவெளிக்குள் அடங்குவது ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆக, சரிவில் நிற்கும் கார் அரை லிட்டர் அளவுக்குப் பொய் சொல்லக்கூடும்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பதா, ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதா என்ற வாதம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் எஞ்சின் ஆயில் சுமார் 0.07 விழுக்காடு விரிகிறது. சிறிய பெட்ரோல் காரில் மூன்றரை லிட்டர் எண்ணெய். அது காலை நேரத்து 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 150 மில்லி கூடும். அதாவது ஆறிய எஞ்சினில் மட்டம் சற்றுக் குறைவாகத் தெரியும். அதே சமயம், இரவெல்லாம் நின்ற காரில் மேலே ஒட்டிய எண்ணெய் முழுவதும் இறங்கியிருக்கும். அது மட்டத்தைச் சற்று உயர்த்தும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. குளிர்காலத்தில் பனி கொட்டும் நாட்டில் விரிவின் பங்கு பெரிதாகலாம். நம் ஊரின் வெப்பத்தில் அது அத்தனை பெரிய பிழை இல்லை. கையேடு சூடான எஞ்சினில் பார்க்கச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அது முடியாதபோது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் பார்ப்பது அடுத்த நல்ல வழி. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசமாவது அப்போது நம்பத்தக்கதாக இருக்கும்.

இனி சென்சார். இதில் பல வகை உண்டு. பிஎம்டபிள்யூவின் ஒரு வகை, ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் உலோகக் குழாய்களுக்கு இடையே எண்ணெயை நிற்கவிட்டு, அதன் மின்தேக்கத் திறனை அளக்கிறது. எண்ணெய் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதோ அதற்கேற்ப அந்த அளவு மாறும். இன்னொரு வகை, சூடாக்கிய ஒரு கம்பி எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்கிறது. எண்ணெயில் மூழ்கிய பகுதி காற்றில் இருக்கும் பகுதியைவிட விரைவாக ஆறும். பிற்பாடு பரவலானது மீயொலி வகை. தொட்டியின் அடியிலிருந்து ஒலித்துடிப்பை மேலே அனுப்பி, எண்ணெயின் மேற்பரப்பில் பட்டு எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தைக் கணக்கிடுகிறது. வெப்பத்துக்கேற்ப எண்ணெயில் ஒலியின் வேகம் மாறுவதால் கூடவே வெப்பமானியும் இருக்கும்.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. மேலே இருக்கும் எண்ணெய் இறங்கட்டும் என்று ஸ்டிக் காத்திருக்கிறது. சென்சார் காத்திருப்பதில்லை, இந்த வெப்பத்தில், இந்தச் சுழற்சி வேகத்தில் இவ்வளவு எண்ணெய் மேலே இருக்கும் என்று முன்கூட்டியே அறிந்து, கீழே மிஞ்சியிருப்பதை வைத்து மொத்தத்தைக் கணிக்கிறது. ஆகவே அதற்கு எஞ்சின் ஓட வேண்டும், நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி ஐடிலில் விட்டு அளவைக் கேட்டால், சிறிது நேரம் எடுத்துத்தான் பதில் சொல்லும். ஓட்டத்தின்போதும் அளக்கும். வளைவிலும் பிரேக்கிலும் எண்ணெய் அலம்புவதால், தடுமாற்றமான அளவுகளைத் தள்ளிவிட்டு, நீண்ட நேரத்தின் சராசரியை எடுக்கும். ஸ்டிக்கைப் பிடித்த கையின் அவசரம் இதில் இல்லை. மனிதன் காட்ட வேண்டிய பொறுமையை இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பானட்டைத் திறக்கவே தெரியாதவர்களுக்கு, திறக்க நேரமில்லாதவர்களுக்கு இது உண்மையான உதவி. எஞ்சின் தேய்ந்து சாவதைவிடத் திரையில் வரும் ஓர் எச்சரிக்கை எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. திரையில் தெரிவது இந்த நொடியின் அளவாக இல்லாமல், கடைசியாக நல்ல நிலைமையில் எடுத்த அளவாக இருக்கலாம். ஒரு லிட்டர் ஊற்று என்று எச்சரிக்கை வருகிறது. சாலையோரம் நிறுத்தி ஊற்றுகிறார்கள். உடனே பார்த்தால் திரை பழைய அளவையே காட்டுகிறது. ஊற்றியது போதவில்லை என்று இன்னொரு லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள். பின்னர் சூடாகி, ஓடி, அளந்து முடித்தபின் அதிகமாகிவிட்டது என்று திரை சொல்லும். கூடுதல் எண்ணெய் தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. சுழலும் கிராங்க் எண்ணெயில் அடிபட்டால் நுரைக்கும். நுரையை பம்ப் ஒழுங்காகத் தள்ளாது. மிகுதி எண்ணெய் காற்றுப்போக்கு வழியே உள்ளிழுக்கப்பட்டு எரிந்து கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். சென்சார் காரில் ஊற்றியபின் ஓட்டிப் பார்த்துப் பொறுத்திருக்க வேண்டும். ஸ்டிக் காரிலோ ஊற்றிய எண்ணெய் வழிந்து இறங்க ஒரு சில நிமிடம் போதும், உடனே சரிபார்த்துவிடலாம்.

ஆயில் மாற்றும்போதும் இதே வித்தியாசம். ஸ்டிக் உள்ள காரில் ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, புது ஃபில்டர் நிறைந்தபின் மட்டம் பார்த்துத் திருத்தலாம். ஸ்டிக் இல்லாத காரில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற வேண்டியிருக்கிறது. என்52-வுக்கு ஃபில்டரோடு 6.5 லிட்டர். பழைய எண்ணெய் முழுவதும் வடிந்திருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. அரைகுறையாக வடித்துவிட்டு முழு அளவையும் ஊற்றினால் சூடாகும்வரை யாருக்கும் தெரியாது.

மட்டத்தைத் தவிர வேறு சில செய்திகளையும் ஸ்டிக் சுமந்து வருகிறது. எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது என்ற ஐயம் வரும். விரலில் தேய்த்தால் நறநறப்பு தெரியும். முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும். 2018-ல் சீனாவில் ஹோண்டா தன் சிஆர்-வி விற்பனையை நிறுத்திவைக்க நேர்ந்த விவகாரத்தில், கடுங்குளிரில் பெட்ரோல் எண்ணெயில் கலந்து மட்டம் ஏறிக்கொண்டே போனதுதான் பிரச்சினை. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின், டீசல் கார்களிலும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. புகைக்கரி ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. நகரத்துக்குள்ளேயே ஓடும் காரில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோனால் டீசல் எண்ணெயில் சேரும். மட்டம் குறைவது மட்டுமல்ல, ஊற்றாமலே கூடுவதும் நோய்க்குறி. சென்சாரும் கூடுதலைச் சொல்லும். ஏன் என்ற கேள்விக்கு முகர்ந்து பார்க்க ஒரு துளி எண்ணெய் கையில் இருக்க வேண்டுமே.

ஓடும்போது பார், நின்றபின் பார் என்ற முரண் எலக்ட்ரானிக்ஸால் வந்ததல்ல. காற்றால் குளிர்ந்த பழைய போர்ஷே 911-களில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போதுதான் அங்கே ஸ்டிக்கை உருவ வேண்டும். நிறுத்திவிட்டால் எண்ணெய் கிராங்க்கேஸுக்கு வழிந்து, தொட்டியில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். அடுத்து வந்த 996-ல் ஸ்டிக்கும் இருந்தது, டேஷ்போர்டில் அளவும் தெரிந்தது. 2004-ல் வந்த 997-ல் ஸ்டிக்கை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் 996-ன் ஏற்பாடே சரி. ஒரு கருவி சொல்வதை இன்னொன்றால் சோதிக்க முடிந்தால்தான் அளவு என்பது நம்பிக்கைக்கு உரியதாகிறது. சென்சார் பழுதானால் அதன் சொல்லைச் சரிபார்க்க உரிமையாளரிடம் ஒன்றுமே இல்லை என்ற நிலையை நான் ஏற்க மாட்டேன். ஒரு ஸ்டிக்கும் அதன் குழாயும் அந்தக் காரின் விலையில் ஒரு பொருட்டே அல்ல.

டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் எண்ணெய்க் குவளைக் குறியையும் சென்சாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது மட்டத்தை அளப்பதே இல்லை, அழுத்தத்தை அளக்கிறது. அது எரியும்போது பம்ப்புக்கே எண்ணெய் எட்டாமல் இருக்கலாம். வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். லைட் எரியவில்லையே, ஆயில் சரியாகத்தான் இருக்கும் என்று இருப்பது ஆபத்து. ஃபோக்ஸ்வேகன் கையேடுகள் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை எண்ணெய் செலவாவதை இயல்பு என்றே சொல்கின்றன. அந்த வேகத்தில் செலவானால் 2000 கி.மீ.யில் மேல் குறியிலிருந்து கீழ் குறிக்கு வந்துவிடும். இங்கே பல கார்களின் சர்வீஸ் இடைவெளியோ 10,000 கி.மீ. சிவப்பு விளக்கு வருவதற்கு வெகு முன்பே மட்டம் கீழ் குறியைத் தாண்டிப் போயிருக்கும்.

ஸ்டிக் உள்ள கார் வைத்திருப்பவர் மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முந்தின நாளும் பார்த்தால் போதும். ஸ்டிக் இல்லாத பழைய காரை விலைக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேறு வழி. பார்க்கிங்கில் நின்றபடி ஸ்டார்ட் செய்து காட்டுவதை ஏற்காமல், இருபது நிமிடமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். சமமான தரையில் நிறுத்தி ஐடிலில் விட்டு, அளவை எடுக்கச் சொல்லி, திரையில் பதில் வரும்வரை உள்ளேயே உட்காருங்கள். அளவு வரவே இல்லையென்றால் சென்சார் போயிருக்கலாம். அந்தச் செலவைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.