விமானியின் கண்ணும் கண்ணாடித் திரையும்



வானிற் பறக்கும் மனிதனுக்குப் பெரும் பகை காற்றுமன்று, மழையுமன்று. அவனுடைய சொந்தப் புலன்களே. முகிலுக்குள் நுழைந்து அடிவானம் மறைந்துவிட்டால், விமானம் ஒருபுறம் சாய்ந்து வட்டமிடும்போதும், அது நேராகச் செல்வதாகவே அவனுக்குத் தோன்றும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தார், கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து பழகாத 20 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். வெளிக்காட்சி மறைக்கப்பட்டதும் இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை.

கண் கைவிடும் இடத்திற் கருவி கைகொடுக்கும் என்பதை அதற்கு 25 ஆண்டுகள் முன்னரே ஒருவர் மெய்ப்பித்திருந்தார். 1929 செப்டெம்பர் 24ஆம் திகதி, நியூயோர்க்கின் லோங் ஐலண்டிலுள்ள மிச்செல் விமானத்தளத்தில், ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, தம் இருக்கை முழுவதும் துணியால் மூடப்பட்ட நிலையில் மேலெழுந்து, பறந்து, மீண்டும் தரையிறங்கினார். வானொலிச் சமிக்ஞை வழிகாட்டியது. கொல்ஸ்மன் அமைத்த நுண்ணிய உயரமானியும், ஸ்பெரி நிறுவனத்தாரின் செயற்கை அடிவானமும் அவருக்கு முன்னே இருந்தன. முன்னிருக்கையில் பென் கெல்சி என்ற மற்றொரு விமானி, தவறு நேர்ந்தால் தடுப்பதற்கென ஆயத்தமாக அமர்ந்திருந்தார்.

செயற்கை அடிவானத்தின் உயிர், வேகமாகச் சுழலும் ஒரு சிறு சக்கரம். சிறிய விமானங்களிற் பெரும்பாலும் காற்றை உறிஞ்சும் பம்பி ஒன்றே அச்சக்கரத்தைச் சுழற்றி வந்தது. பம்பி பழுதுற்றால் சக்கரம் உடனே நிற்பதில்லை; வேகம் மெல்லக் குறையும்; கருவியின் அடிவானமும் மெல்லச் சாயும். முகிலுக்குள் இருக்கும் விமானி, அந்தப் பொய்யான அடிவானத்துக்கு ஏற்ப விமானத்தையும் சாய்த்துவிடுவான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவையே இலத்திரனியற் காட்சித் திரைகள். பெரிய விமானங்களில் முன்பே இடம்பெற்ற இவை, 2003, 2004ஆம் ஆண்டுகளையொட்டிச் சிறிய விமானங்களிலும் பரவலாயின. 2006ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் புதிதாகச் செய்யப்பட்ட சிறிய பிஸ்டன் விமானங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இத்திரைகளைக் கொண்டிருந்தன. இவற்றிற் சுழலும் சக்கரம் இல்லை. தேயும் உறுப்புகளும் குறைவு. கார்மின் ஜீ 1000 போன்ற அமைப்புகளில், உணர்கருவி பழுதுற்றால், அது காட்டும் அளவின் மீது சிவப்புக் குறுக்குக்கோடு விழும். 'இதனை நம்பாதே' என்று கருவியே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் உயிர்ச்சேதம் குறைந்ததா? 2010ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இதனை ஆராய்ந்தது. 2002 முதல் 2006 வரை செய்யப்பட்ட 8,000க்கு மேற்பட்ட சிறிய விமானங்கள் ஒப்புநோக்கப்பட்டன. திரை பொருத்திய விமானங்களில் மொத்த விபத்துகள் குறைவாகவும், உயிர்பறித்த விபத்துகள் கூடுதலாகவும் காணப்பட்டன.

இதற்குத் திரைகளை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. இத்தகைய விமானங்கள் நெடும் பயணங்களுக்கும், கருவிகளை நம்பிப் பறக்க வேண்டிய வேளைகளுக்கும் கூடுதலாகப் பயன்பட்டன. எனினும், சபை சுட்டிய மற்றொரு காரணமும் உண்டு. பழைய முறையில் காற்றழுத்தம் அளக்கும் குழாய் அடைபட்டால் வேகமானி ஒன்றே பொய்க்கும். புதிய அமைப்புகள் சிலவற்றிலோ அதே அடைப்பினால் வேகம், உயரம், ஏறும் விகிதம் ஆகிய மூன்றும் ஒருங்கே மறையக்கூடும். ஒவ்வோர் அமைப்பும் எவ்வாறு பழுதுறும் என்பதை விமானி தனித்தனியே கற்றாலன்றித் தப்புதல் அரிது. அதற்குரிய பயிற்சியையே சபை வற்புறுத்தியது.

கருவி பழுதடைவது அருகிவிட்டது; ஆனால் அந்த அரிய வேளைக்கு ஆயத்தமாயிருக்கும் கடமை அருகவில்லை. டூலிட்டிலுக்கு முன்னே கெல்சி அமர்ந்திருந்தார். சிறிய விமானத்திற் தனியே பறப்பவனுக்கோ, பலகையின் ஓரத்திலுள்ள மாற்றுக் கருவிகளும், அவற்றை நோக்கிக் கண்ணைத் திருப்பப் பழகிய பழக்கமுமே கெல்சி.