பரணில் கிடந்த ‘திருவிளையாடல்’

சித்திரை மாதம் பி பிளாக்கில் வெள்ளையடிப்பதற்காகப் பரண்களைக் காலி செய்தபோது, இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மா ஒருவர் வீட்டிலிருந்து நான்கு வட்டத் தகரப் பெட்டிகள் இறங்கின. ஒவ்வொன்றும் பெரிய தோசைக்கல் அளவு. கேட்டுக்கு வெளியே காயலான் கடை வண்டி நின்றுகொண்டிருந்தது. “தகர விலைக்குக் கேக்கிறாரு தம்பி. உள்ளே சினிமா இருக்குன்னா சிரிக்கிறாரு. நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு” என்றார். மூடிகளில் சிவப்புப் பெயிண்டில் ‘திருவிளையாடல்’ என்றும், அதன்கீழ் 1 முதல் 4 வரை எண்களும் எழுதியிருந்தன.

அவருடைய கணவர் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் 16 எம்.எம். புரொஜெக்டர் கொண்டுபோய்ப் படம் ஓட்டியவர். புரொஜெக்டர் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. படம் மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்திருக்கிறது.

மூன்று பெட்டிகளில் பழைய பிளாஸ்டிக் வாடைதான். முதல் பெட்டியைத் திறந்ததும் வினிகர் பாட்டிலைத் திறந்ததுபோல் மூக்கில் ஏறியது. தருமி வருவது அந்தப் பெட்டியில்தான்.

நாம் குடியிருக்கும் இந்தப் பகுதிக்குச் சினிமா வியாபாரத்தில் தனிப் பெயர் உண்டு. விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை நகரம், கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், நெல்லை–குமரி என்று கூறுபோட்டுப் படத்தை விற்றார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது ‘என்.எஸ்.சி. ஏரியா’. அரசாங்கம் 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தது. 2019 நவம்பர் 29-இல்தான் செங்கல்பட்டு மறுபடி மாவட்டமானது. நடுவில் இருந்த 22 வருஷமும் சினிமாக்காரர்களின் வரைபடத்தில் அது மாவட்டமாகவேதான் இருந்துவந்தது.

இந்த ஏரியாவில் ஒரு படம் முதலில் ஊர்த் தியேட்டர்களில் ஓடும். பிறகு கீற்றுக் கொட்டகையான டூரிங் டாக்கீஸுக்கு வரும். அங்கே பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. முறுக்கு விற்பவருக்குக் கொண்டாட்டம். இதுவரை எல்லாம் 35 எம்.எம். ‘திருவிளையாடல்’ மாதிரி இரண்டரை மணி நேரப் படம் என்றால் சுமார் 14,000 அடி ஃபிலிம். பெட்டி பெட்டியாக பஸ் மேலும் ரயிலிலும் போகும்.

டூரிங் டாக்கீஸும் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போனது 16 எம்.எம். பிரதி. அதே படம் இதில் 5,600 அடிக்குள் அடங்கிவிடும். நான்கே சுருள். புரொஜெக்டர் ஒரு பெட்டியில், ஒலிபெருக்கி இன்னொரு பெட்டியில். ஒரு வேட்டியோ வெள்ளைத் துணியோ கட்டினால் தியேட்டர் தயார். திரைக்கு இரண்டு பக்கமும் கூட்டம் உட்காரும். பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எழுத்து எல்லாம் தலைகீழ்க் கண்ணாடி, கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவார். ‘ராஜராஜ சோழன்’ (1973) தொடங்கித் தமிழில் சினிமாஸ்கோப் வந்த பிறகு இன்னொரு கூத்து. அதற்கான தனி லென்ஸ் இல்லாமல் ஓட்டினால் எவ்வளவு பருமனான நடிகரும் ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்பார். ரயில்வே, தொழிற்சாலைக் குடியிருப்புகளின் மனமகிழ் மன்றங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் இதே கதைதான். எண்பதுகளில் டிவியும் ‘டெக்’கும் வாடகைக்கு வந்ததும், ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்க்கப் பழகிவிட்ட ஜனங்களுக்கு 16 எம்.எம். தேவைப்படவில்லை.

இந்தச் சின்ன அளவு ஃபிலிம்கள் பிறந்ததே வீட்டுக்காகத்தான். 35 எம்.எம். அப்போது நைட்ரேட் என்ற பொருளில் செய்யப்பட்டது. பற்றினால் அணைக்க முடியாது. 1922-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 எம்.எம். ஃபிலிமையும், 1923-இல் அமெரிக்காவின் கோடாக் 16 எம்.எம். ஃபிலிமையும் எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில் கொண்டுவந்தன. அது என்ன 16? 35-ஐ நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 17.5 கிடைக்கும். யாரும் அப்படி நைட்ரேட்டைப் பிளந்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது என்றே இப்படி ஒட்டாத அளவு வைத்தார்கள் என்பார்கள். 1932-இல் 8 எம்.எம்., 1965-இல் சூப்பர் 8. வெளிநாடுகளில் பிரபலமான படங்களைச் சுருக்கிச் சூப்பர் 8 சுருள்களாகக் கடையில் விற்றார்கள். பிள்ளைகள் வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்தார்கள். நம் ஊரில் 8 எம்.எம். கேமரா வசதியான வீடுகளோடு நின்றுவிட்டது. வீட்டு அளவு ஃபிலிமில் ஊரே உட்கார்ந்து சினிமா பார்த்தது நம் வழக்கம். எனக்கு அது பெருமையாகவே இருக்கிறது.

அம்மாவின் பேரன் கேட்டான்: “திருவிளையாடல்தான் யூடியூப்லயே இருக்கே, இது எதுக்கு?” நியாயமான கேள்வி. நானும் அதையேதான் நினைத்தேன்.

ஏ.பி. நாகராஜன் இயக்கிய அந்தப் படம் 1965 ஜூலை 31-இல் வெளிவந்தது. அப்போதைய திரை கிட்டத்தட்டச் சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. அதற்குத் தக்கபடிதான் சிவாஜியையும் சாவித்திரியையும் நாகேஷையும் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டலில் மெருகேறி வந்து தியேட்டர்களில் சக்கைபோடு போட்டது. அதே வருஷம் செப்டம்பரில் ‘திருவிளையாடல்’ திரும்ப வந்தது, சினிமாஸ்கோப்பாக. சதுரப் படத்தைச் சினிமாஸ்கோப் ஆக்க மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இன்றைய ரசிகர்களைத் தியேட்டருக்கு வரவைத்ததற்கு அந்த வெளியீட்டைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1965-இல் ஜனங்கள் பார்த்த முழுக் கட்டத்தைக் காட்டும் சாட்சி, இந்தப் பரண் பெட்டியில் இருக்கும் பிரதிதான். கைப்பிரதி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது அசலின் பிரதி.

பிரபலமான படத்துக்கே இப்படி என்றால் மற்றவற்றைச் சொல்லவே வேண்டாம். 1931 அக்டோபர் 31-இல் வெளியான முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ இல்லை. பல படங்களுக்குக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் மிச்சம். ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக அதைக் கழுவி விற்றதும் உண்டு. நாட்டின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வின் சுருள்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது என்று புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தை 1964-இல் உருவாக்கிய பி.கே. நாயர் சொல்லியிருக்கிறார்.

அதே நாயர் 1974-இல் திருவனந்தபுரத்தில் ஒரு படத்தை மீட்டார். 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம். தயாரித்தவர் நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ். நாவலின் உரிமை எங்களுடையது என்று கமலாலய புக் டிப்போ என்ற பதிப்பகம் வழக்குப் போட்டதில் படம் நின்றுபோய், பிரதி அந்தப் பதிப்பகத்தின் கைக்கே வந்துவிட்டது. நாற்பது வருஷம் புத்தகக் கடையில் கிடந்ததால்தான் அந்தப் படம் தப்பியது. தியேட்டர்களில் ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதை. லண்டனில் 1954-இல் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளிக்கூடப் பையன் தன் வீட்டு 9.5 எம்.எம். புரொஜெக்டருக்காக ‘நெப்போலியன்’ என்ற பழைய பிரெஞ்சுப் படத்தின் இரண்டு சுருள்களை வாங்கினான். பார்த்து அசந்துபோய் மீதியைத் தேட ஆரம்பித்தவர், 1980-இல் லண்டன் திரையரங்கில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் படமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

‘மெட்ரோபோலிஸ்’ (1927) என்ற ஜெர்மன் படத்தின் கதைதான் நமக்கு அதிகம் பொருந்தும். வெட்டி எறியப்பட்ட காட்சிகள் தொலைந்தே போயின என்று எண்பது வருஷம் நம்பியிருந்தார்கள். 2008-இல் அர்ஜென்டினாவின் ஒரு அருங்காட்சியகத்தில், ஏறக்குறைய முழுப் படமும் 16 எம்.எம். அளவில் கிடைத்தது. பழைய 35 எம்.எம். பிரதி தீப்பிடிக்கக் கூடியது என்று அதை 16-க்கு மாற்றிவிட்டு அசலை அழித்திருக்கிறார்கள். மாற்றும்போது சுத்தம் செய்யவில்லை. கீறல்கள் அப்படியே படத்துக்குள் பதிந்துவிட்டன, ஓரங்களும் வெட்டுப்பட்டன. இன்றைய கருவியால்கூட அதை முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. அசல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். ‘டிஜிட்டல் பண்ணியாச்சு, இனி தகரத்தைத் தூக்கிப் போடலாம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கீறல்கள்தான் கண்ணில் வரும்.

இனி அந்த வாடை. அசிடேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் புளிக்கும். சூடும் ஈரமும் சேரும்போது அசிடிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே மேற்கொண்டு சிதைவை வேகப்படுத்துகிறது. தயிர் உறைவதுபோல்தான், தொடங்கிவிட்டால் திரும்பப் பாலாகாது. 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் புதிய ஃபிலிம் புளிக்கத் தொடங்கச் சுமார் 40 வருஷம் ஆகும் என்பது அமெரிக்க ஆய்வாளர்களின் கணக்கு. மொட்டை மாடிக்கு அடியில், கடல் காற்று வீசும் நம் பரண்களில் என்ன கணக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புளித்த சுருள் சுருங்கும், வளையும், கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நிறமும் போகும்: அந்தக் காலத்து வண்ணப் பிரதிகளில் நீலச் சாயம் முதலில் வெளிறிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் ஓரடி பிடித்துப் பார்த்தேன். சிவன், பார்வதி, கைலாயம் எல்லாமே ஒரே ரோஜா நிறம்.

உடனே ஒரு புரொஜெக்டர் தேடிப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதுதான் செய்யக் கூடாதது. ஒரு சதவீதம் சுருங்கியிருந்தாலே ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களில் சரியாக உட்காராது, கிழித்துக்கொண்டே போகும். சுவரில் ஓட்டி செல்போனில் பிடித்தால் படம் மினுக்மினுக்கென்று துடிக்கும், நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு. முறையான ஸ்கேனரில் பற்களே இல்லை. உருளைகள் மெல்ல நகர்த்த, சூடில்லாத விளக்கில் ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுக்கிறார்கள். இந்தப் படத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள். ரோஜா நிறத்தை ஓரளவு திருத்த முடியும், அறவே போன சாயத்தை வரவழைக்க முடியாது. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு நாம் ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் நடத்திய ஒரு வாரப் பயிற்சிப் பட்டறை சென்னை பிரசாத் லேபில்தான் நடந்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெட்டி நம் கையில் இருப்பதால் படம் நம்முடையதாகிவிடாது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம் படத்துக்குப் பதிப்புரிமை. 1965 படத்துக்கு 2025 டிசம்பர் வரை. பாட்டுக்கும் இசைக்கும் தனிக் கணக்கு. அதனால் ஸ்கேன் செய்ததை இணையத்தில் ஏற்றும் எண்ணம் வேண்டாம். புனே காப்பகத்துக்கு எழுதிக் கேட்டு ஒப்படைக்கலாம். காப்பகம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கு ஒன்று எரிந்து எத்தனையோ படங்கள் சாம்பலாயின. ஆனாலும் நம் பரணைவிட அது எவ்வளவோ மேல்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். புனேக்கு அனுப்புவதில் அவருக்குச் சம்மதம். “தருமி மட்டும் வருமா பாரு. அவர் அந்த இடம் வந்தா மெஷின் பக்கத்திலேயே நின்னு வசனம் முழுக்கச் சொல்லுவார்” என்றார். முதல் பெட்டியின் வெளிச்சுற்று அலை அலையாக வளைந்திருக்கிறது. உட்சுற்று இன்னும் ஒட்டவில்லை. ஸ்கேன் செய்பவர் நேரில் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றிருக்கிறார். ஆடி பிறந்ததும் எடுத்துப் போகிறோம்.

அதுவரை மூன்று பெட்டிகள் சங்க அலுவலகத்தின் ஏசி அறை அலமாரியில், படுக்கை வசத்தில். முதல் பெட்டி மட்டும் தனியாக, மூடியை இறுக்காமல், காற்றோட்டமான வேறு அலமாரியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி வட்டப் பெட்டி ஏதாவது இருந்தால், வண்டிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.