குருதிக்குள் ஒரு அகதிக் கதை

எங்கள் குருதியின் சிவப்புக்குக் காரணம் ஈமோகுளோபின் என்ற புரதம். அதன் பீற்றாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இதன் வரலாற்றைப் படிக்கையில் என்னைத் தொட்ட விடயம், அதைத் துலக்கியோரில் இருவர் எங்களைப் போல ஊர் இழந்தவர்கள் என்பதுதான்.

மக்ஸ் பெரூட்ஸ் வியன்னாவில் 1914இல் பிறந்தவர், யூத வம்சாவளியினர். 1936இல் கேம்பிறிட்ஜுக்கு ஆராய்ச்சிக்காக வந்தார். 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியதும் திரும்பிப்போக நாடில்லை. 1940இல் பிரித்தானியா அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்துக் கப்பலேற்றி, கனடாவில் முகாமில் அடைத்தது. 1941இல் விடுதலையானவர், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். ஈமோகுளோபினின் வடிவத்தைக் காண இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1962இல் ஜோன் கென்ட்ரூவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வேர்ணன் இங்கிராம், சிறுவயதில் நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி வந்தவர். அரிவாட்கல நோயாளரின் பீற்றாச் சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது என்பதை 1957இல் காட்டினார். பரம்பரையலகில் நேரும் சிறு பிழை புரதத்தை மாற்றி நோயாகிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இதே பரம்பரையலகின் வேறு பிழைகளால் வருவதுதான் பீற்றாத் தலசீமியா. இலங்கையிலும் இந்தியாவிலும் இது உண்டு. தாய், தகப்பன் இருவரும் காவிகளானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. காவிகளுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது; குருதிப் பரிசோதனை காட்டிவிடும். கலியாணம் பேசும் வீடுகளில் சாதகத்தோடு இதையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.